கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதித் தந்திருக்கிறேன். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



பேச அழைத்தபோது நம் செயலாளர், "டாக்டர், ஷுகர், பிரஷர் பத்தி ஏதாவது சொல்லுங்க. நம்ம பேட்ச்ல எல்லாருக்கும் வந்தாச்சு" என்றார். அதைச் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். மூளை தடுமாறிப்போன ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கே அவருக்கு என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பது பற்றி. நம் பேட்சில் இன்னும் பத்து வருஷத்தில் பாதிப் பேர் அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறோம். மீதிப் பேர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறோம்.

1976-77-ல் இங்கே பி.யு.சி. படித்தேன். என் ரோல் நம்பர் 43. எங்களுக்கு இயற்பியல் எடுத்த பேராசிரியரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். முன் வரிசையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அவர் துணைவியாரிடம், நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். "தாராளமா சொல்லுப்பா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்கள்.

2022 ஆகஸ்ட்டில் ஒரு விடியற்காலை சார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அப்போது வயது 81. இடுப்பெலும்பு முறிவு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து மறுநாள் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் பழுதில்லை, பிரமாதமாகவே செய்திருந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ஐ.சி.யு.வில் எழுந்து உட்கார்ந்து, ட்ரிப்ஸைப் பிடுங்கிப் போட்டு, "டைம் ஆச்சு! பேனாவைக் கீழே வை! யார்டா அங்க திரும்பறது?" என்று கத்தியிருக்கிறார். பரீட்சை ஹாலில் நிற்பதாக நினைப்பு. வரிசையாகக் கட்டில்கள், வெள்ளை விளக்கு, நடுவில் நடமாடும் ஆட்கள். யோசித்துப் பாருங்கள், 35 வருஷம் சூபர்வைசராக நின்றவருக்கு அது வேறு என்னவாகத் தெரியும்?

கையைக் கட்டிலின் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டிவிட்டார்கள். ஊசியும் போட்டார்கள். காலையில் அம்மா போனபோது, "பெரியவருக்கு மெண்டல் பிராப்ளம் இருக்கு, முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று கேட்டிருக்கிறார்கள். மகன் வெளிநாட்டில். மகள் கோவையிலிருந்து வந்து சேரவில்லை. அம்மா யாரிடம் சொல்வதென்று தெரியாமல் பழைய மாணவர் ஒருவரிடம் சொல்ல, அவர் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட, நான் மதிய பஸ்ஸில் கிளம்பினேன்.

அந்த ஆஸ்பத்திரியை நான் திட்டப் போவதில்லை. திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

1983-ல் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தேன். 60 கட்டில் வார்டில் 90 பேர், தரையிலும் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். ஒரு ராத்திரி எழுபது வயது விவசாயி ஒருவர், நிமோனியாவுக்குச் சேர்ந்தவர், வேட்டியை இழுத்து இழுத்து எறிந்துவிட்டு இறங்கி ஓடப் பார்த்தார். தடுத்த வார்டு பாயைக் கடித்துவிட்டார். கட்டிப்போடச் சொன்னது நான். கேஸ் ஷீட்டில் 'முரட்டுத்தனம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விடிய விடிய முனகினார். காலையில் சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கிழவரின் அடிவயிற்றில் கை வைத்தார். பிறகு என் கையை எடுத்து அங்கே வைத்தார். இளநீர் மாதிரி கெட்டியாக இருந்தது. மூத்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. கிழவர் அரை மணியில் குழந்தை மாதிரி தூங்கிவிட்டார். இரண்டு மணிக்கட்டும் வீங்கிச் சிவந்திருந்தன. அவர் ராத்திரி முழுக்க வேட்டியை இழுத்து எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதற்கு நான் வைத்த பெயர் முரட்டுத்தனம்.

அந்த நிலைக்கு டாக்டர்கள் டெலிரியம் என்று சொல்வார்கள். நம் ஊரில் "ஜன்னி கண்டுடுச்சு" என்பார்களே, பெரும்பாலும் அதுதான். அது பைத்தியமும் இல்லை, அறளை பெயர்வதும் இல்லை. மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல வரும். இது ஒரே நாளில், சில சமயம் ஒரே ராத்திரியில் வரும். காலையில் தெளிவாக இருப்பார், பொழுது சாய்ந்தால் தடுமாறுவார். கவனம் நிற்காது. சாரிடம் நான் போனதும் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். "ஞாயிறு, சனி, வெள்ளி" என்று சரியாக ஆரம்பித்தவர், வெள்ளியில் நின்று சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். லாகரிதம் டேபிள் இல்லாமல் கணக்குப் போட்ட மனுஷர்.

கத்துகிற ஜன்னியாவது கண்ணில் படும். சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கிற ஜன்னி ஒன்று உண்டு. "தாத்தா ரொம்ப நல்ல பேஷண்ட், தொந்தரவே இல்லை" என்று சிஸ்டர்கள் பாராட்டுவார்கள். அவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். சாப்பிட மாட்டார், புரண்டு படுக்க மாட்டார், படுக்கைப் புண் வரும், சளி கட்டும்.

சரி, சாரிடம் வருவோம். ஏன் வந்தது என்று தேடினேன். ஒரு காரணம் இருக்கவில்லை, ஒரு பை நிறைய இருந்தன. பிரஷருக்குச் சாப்பிட்ட மாத்திரையால் ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், 122-க்கு இறங்கியிருந்தது. 135-க்குக் கீழே போகக்கூடாது. அரிப்புக்கு ஒரு அவில் ஊசி. வலிக்கு டிரமடால். இரண்டுமே கிழ மூளையைக் குழப்பக்கூடியவை. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. தேவை முடிந்த பிறகும் மூத்திரக் குழாய் எடுக்கப்படாமல் இருந்தது. மூன்று ராத்திரி தூக்கம் இல்லை, ஏனென்றால் ஐ.சி.யு.வில் விளக்கு அணைவதே இல்லை.

இதெல்லாம் சார்ட்டைப் பார்த்தாலே தெரிகிற காரணங்கள். சார்ட்டில் இல்லாத இரண்டு இருந்தன. ஆபரேஷனுக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். அம்மா பத்திரமாக டிபன் கேரியரின் மேல் தட்டில் வைத்து மூடிவிட்டார்கள். திருப்பி மாட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கண் தெரியாது, காது கேட்காது, கை கட்டியிருக்கிறது, முகம் தெரியாத யாரோ ஊசியோடு வருகிறார்கள். நானாக இருந்தாலும் கடித்திருப்பேன்.

அமெரிக்காவில் முன்பு யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் ஷரன் இனோய் என்ற அம்மையார் இதற்காகவே வாழ்நாளைச் செலவழித்தவர். 1996-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு ஜன்னியைக் கொண்டுவரும் ஐந்து காரணங்களைச் சொன்னார். கட்டிப்போடுவது, சரியான சாப்பாடு இல்லாதது, புதிதாக மூன்றுக்கு மேல் மருந்து சேர்ப்பது, மூத்திரக் குழாய், சிகிச்சையால் நேரும் ஏதாவது ஒரு கோளாறு. கவனியுங்கள், கட்டிப்போடுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜன்னிக்கு மருந்து என்று நாம் நினைத்ததே ஜன்னிக்குக் காரணம். 1999-ல் அடுத்த ஆய்வு. 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிப் பேருக்குக் கூடுதலாக என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடி மாட்டினார்கள், காது மெஷினைச் சரிபார்த்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள், இன்று என்ன கிழமை, எந்த ஊர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தூங்கும் நேரத்தில் மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பால், முதுகு நீவிவிடுதல், சத்தமில்லாத வார்டு. வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு ஜன்னி கண்டது. இந்தப் பக்கம் 100-க்கு 10 பேருக்குத்தான். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள், டாக்டர்கள் அல்ல.

என் பாட்டி இதைக் கேட்டால் சிரித்திருப்பாள். பால் கொடுத்து முதுகைத் தடவிவிட ஆராய்ச்சி வேணுமா என்பாள். வேண்டியிருக்கிறது பாட்டி. ஆராய்ச்சி சொன்னால்தான் நாங்கள் கேட்போம்.

துணைக்கு ஆள் இருப்பது விஷயத்தில் நம் நாடு பின்தங்கியதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். கூட இருந்தவர்கள் நோயைப் புரிந்துகொண்டார்கள், நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பம் கூட இருந்து கவனிக்கும் முறை உண்டு. இங்கிலாந்தில் இதற்காக 2014-ல் ஒரு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. மறதி நோயிருந்த தன் தகப்பனாரை ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் சரியாகப் பார்க்கக்கூட விடாமல், அவர் எலும்பும் தோலுமாகத் திரும்பியதைக் கண்ட நிக்கி ஜெரார்ட் என்ற எழுத்தாளர், அப்பாவின் பெயரிலேயே 'ஜான்ஸ் கேம்பெய்ன்' என்று தொடங்கினார். மறதி நோயாளியின் பக்கத்தில் அவருடைய ஆள் இருக்க உரிமை வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. நாமோ இருந்ததைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். புது ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு, காலை 5 நிமிஷம், மாலை 5 நிமிஷம்.

கட்டிப்போடுவதில் மட்டும் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சங்கிலியோடு தீயில் மாட்டி 28 பேர் இறந்தார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. வேறு வழியே இல்லாமல், உடனடி ஆபத்தைத் தடுக்க மட்டும், மனநல மருத்துவர் ஒப்புதலோடு, தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் நீடிக்காமல்தான் ஒருவரைக் கட்டிவைக்கலாம். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக்கூடாது என்கிறது சட்டம். 1983-ல் எனக்கிருந்த ஒரே காரணம் அதுதான்.

ஊசி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் நிலையில் கொஞ்சம் தேவைப்படலாம், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்துவிட்டது. பத்து வாரச் சோதனைகளில், மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 4.5 பேர், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 பேர். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மாத்திரை இருந்தால், "இதை எப்ப நிறுத்தணும் டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

அன்று சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரியின் சீஃபோடு ஒரு மணி நேரம் பேசினேன். அவரும் நல்லவர்தான். "அட்டெண்டரை உள்ள விட்டா இன்ஃபெக்ஷன் வரும் சார், கட்டு அவிழ்த்தா கீழே விழுந்துடுவார் சார்" என்றார். விழாமல் பார்த்துக்கொள்ள ராத்திரி பகலாக ஆள் நான் தருகிறேன் என்றேன். தனி அறைக்கு மாற்றினார். கட்டை நானே அவிழ்த்தேன். சார் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, "தேங்க் யூ" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

குரூப்பில் போட்டேன். அரை மணிக்குள் 14 பேர் பெயர் கொடுத்தார்கள். ஒரு ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர், இரண்டு பேங்க்காரர்கள், உரக்கடை வைத்திருப்பவர், நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் சண்டை போட்டே பேர் வாங்கிய ஒருவர். ஆறு மணி நேரம் ஒரு ஷிப்ட், நாளைக்கு நாலு. சோடியத்தை டாக்டர்கள் மெதுவாக ஏற்றினார்கள். அவில் நின்றது, வலிக்கு வேளை தவறாமல் பாரசிட்டமால், மூத்திரக் குழாய் வெளியே வந்தது, மலச்சிக்கலுக்கு வழி பிறந்தது. மீதி வேலை ஸ்டூல்காரர்களுடையது.

அவர்களுக்கு நான் முதலில் சொன்ன விதி, "என்னைத் தெரியுதா சார்?" என்று கேட்காதீர்கள் என்பது. நம் எல்லோருக்கும் வாயில் முதலில் வருவது அதுதான். தடுமாறுகிற மனுஷனை அது மறுபடி பரீட்சை எழுத வைப்பது. ஃபெயில் ஆனால் அவருக்கு அவமானம், நமக்கு அழுகை. நீங்களே சொல்லிவிடுங்கள்: "சார், நான் உங்க 76 பேட்ச் ஸ்டூடண்ட். இது ஆஸ்பத்திரி. இடுப்புல அடிபட்டு ஆபரேஷன் ஆயிருக்கு. அம்மா சாப்பாடு கொண்டுவரப் போயிருக்காங்க." ஒரு மணிக்கு ஒரு தடவை, புதிதாகச் சொல்வதுபோல. கட்டிலிலிருந்து தெரிகிற இடத்தில் பெரிய கடிகாரமும் தினசரிக் காலண்டரும். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும். ராத்திரி விளக்கு வேண்டாம், செல்போன் வேண்டவே வேண்டாம். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும்.

பரீட்சை ஹால் விஷயம்தான் சிக்கல். இரண்டாம் ராத்திரியும் "பேப்பரை எண்ணிட்டியா?" என்று எழுந்துவிட்டார். இது பரீட்சை ஹால் இல்லை சார் என்று போஸ்ட் மாஸ்டர் வாதாட, சாருக்குக் கோபம் ஏறியது. உரக்கடைக்காரர் வந்து, "எண்ணிட்டேன் சார், எல்லாம் சரியா இருக்கு, ரூமைப் பூட்டியாச்சு" என்றார். சார் படுத்துவிட்டார். பொய் சொல்லலாமா என்று மறுநாள் எங்களுக்குள் பெரிய விவாதம். நான் என் கருத்தைச் சொன்னேன். நாமாகப் போய்க் கதை கட்டக்கூடாது. அவர் பயத்தில் இருக்கும்போது எதிர்த்து வாதாடவும் கூடாது. அவருக்கு வேண்டியது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற உறுதி. அதைக் கொடுத்துவிட்டால் போதும். உரக்கடைக்காரர் எந்தப் புத்தகமும் படிக்காமல் அதைச் செய்துவிட்டார். போஸ்ட் மாஸ்டருக்கு இன்னும் ஒப்புதல் இல்லை.

இங்கே மாணவர்களுக்கு இரண்டு விஷயம், குறுக்கே சொல்லிவிடுகிறேன். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட நண்பன் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினால், அது அவன் குணமில்லை, நெற்றிப் பக்கத்து மூளையின் காயம். அப்போது பதினைந்து பேர் கும்பலாகப் போய் நிற்காதீர்கள். கூட்டம் அவனுக்கு விஷம். ஒருவர், தாழ்ந்த குரல், கொஞ்ச நேரம். இன்னொன்று, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் இரண்டே வாரத்தில் சம்பந்தமில்லாமல் பேசி, தூக்கம் கெட்டு, வாய் கோணி, வலிப்பும் வந்தால் பேய் ஓட்டக் கூட்டிப்போகாதீர்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு வியாதி உண்டு. 2007-ல் ஜோசப் டால்மா என்ற டாக்டரின் குழு அதை அடையாளம் கண்டது. சிலருக்குச் சினைப்பையில் இருக்கும் கட்டிதான் மூலம். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவரலாம். ஆனால் சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் தேறி மறுபடி வகுப்புக்கு வருகிறார்கள்.

சாருக்கு ஆறாம் நாள் ராத்திரி தூக்கம் வந்தது. எட்டாம் நாள் வாக்கரைப் பிடித்து வராந்தாவரை நடந்தார். பதினோராம் நாள் டிஸ்சார்ஜ். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. ஆகவில்லை. பெரும்பாலும் ஜன்னி சும்மா வராது, ஏற்கெனவே தளர்ந்த மூளையில்தான் சுலபமாக வந்து உட்காரும். வீட்டுக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார்கள். இரண்டு வருஷமாகவே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம், பென்ஷன் ஃபாரத்தை அம்மாதான் நிரப்புகிறாராம். யாருக்கும் தெரியக்கூடாதென்று மூடி வைத்திருந்தார்கள். ஜன்னிக்குப் பிறகு அது வேகம் பிடித்துவிட்டது. கட்டியிருக்காவிட்டால் இவ்வளவு இறங்கியிருக்காதா என்று மகள் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியாது.

இப்போது சனிக்கிழமைதோறும் எங்களில் ஒருவர் போய் உட்கார்கிறோம். போன மாதம் என் முறை. வழக்கம்போல, "சார், நான் 76 பேட்ச், ரோல் நம்பர் 43" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "லேப் ரெக்கார்டு எங்கே?" என்றார். 1977-ல் நான் உண்மையிலேயே ரெக்கார்டு சப்மிட் பண்ணவில்லை. அது ஞாபகத்தில் வந்ததா, எல்லோரிடமும் கேட்பதா தெரியாது. "அடுத்த வாரம் தர்றேன் சார்" என்றேன்.

நான் சொல்ல வந்த காரியம் இதுதான். இந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரி, 70 வயது தாண்டி, துணைக்கு ஆள் இல்லாமல் சேருகிற நோயாளிகளுக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை நம் சங்கத்து ஆட்களை உட்கார விடச் சம்மதித்திருக்கிறது. ஒரு நாள் பயிற்சி, நானும் அங்கிருக்கும் நர்ஸிங் சூப்பிரண்டெண்டும் கொடுக்கிறோம். ஊசி போட வேண்டாம், மருந்து கொடுக்க வேண்டாம். கண்ணாடியை மாட்டிவிட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், ஏதாவது மாறுதல் தெரிந்தால் சிஸ்டரை எழுப்ப வேண்டும். ரிடையர் ஆனவர்கள் வாருங்கள், நமக்குத்தான் எப்படியும் ராத்திரித் தூக்கம் வருவதில்லை. மாணவர்கள் சனிக்கிழமை ராத்திரி மட்டும் வந்தால் போதும், பரீட்சை மாதத்தில் வேண்டாம். வெளியே காபி மேஜைக்குப் பக்கத்தில் நீல அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பெயர், பேட்ச், போன் நம்பர், எந்தக் கிழமை என்று நாலு காலம். பேனாவை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தயவுசெய்து யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.